நெல் குடோனில் நிற்கும் பென்ஸ் ரோட்ஸ்டர்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் பழைய ஜெர்மன் ரோட்ஸ்டர்களைப் பற்றியவை. பதில் சொல்பவர்கள் நமது வாகனப் பகுதிக் குழுவினர்.

கேள்வி: பக்கத்து ஊரில் மூடிக் கிடக்கும் அரிசி ஆலையின் குடோனில் மெர்சிடிஸ் பென்ஸ் 190 எஸ்எல் ஒன்று விலைக்கு வருகிறது. இரண்டு இருக்கை, மடக்கும் துணிக் கூரை. பெரியவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் விற்கிறார்கள். வண்டி ஓடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்ஜின் சுற்றவில்லை. பெயின்ட் மட்டும் பளபளப்பாக இருக்கிறது. வாங்கலாமா? எதை முதலில் பார்ப்பது?
— வாசகர், மன்னார்குடி

பதில்: இன்ஜின் சுற்றாததை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கதவைத் திறந்து, கதவுக்குக் கீழே குனியுங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பெட்டி மாதிரி ஓடும் தகடுதான் சில். கூரை உள்ள காரில் பாரத்தைக் கூரையும் பங்கு போட்டுக்கொள்ளும். ரோட்ஸ்டரில் முழுப் பாரமும் சில், தரைத்தகடு இரண்டின் மேல்தான். 190 எஸ்எல்லுக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். சில் உளுத்துப்போனால், மூடியை அறுத்தெடுத்த அட்டைப் பெட்டியைத் தூக்குவது போல வண்டி நடுவில் மடிய ஆரம்பிக்கும்.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு கதவையும் மூடி, கதவின் பின்விளிம்பில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி இறங்கிவிட்டது என்று பொருள். அடுத்து, ஜாக்கி வைக்கும் இடத்துக்கு அடியில் கனமான பலகை கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். தூக்கும்போது அந்த இடைவெளி மாறினாலோ, கதவு பிடித்துக்கொண்டாலோ, உள்ளே வலு இல்லை. பலகையோடு ஜாக்கி தகட்டுக்குள் இறங்கினால் மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை.

பிறகு காந்தம். கீறல் விழாமல் இருக்கத் துணி சுற்றிய சிறிய காந்தம் போதும். இந்த வண்டியில் கதவு, பானட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம், அவற்றில் காந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் யாரோ இரும்புத் தகடு அடித்து மாற்றியிருக்கிறார்கள். மட்கார்டும் சில்லும் இரும்பு, அங்கே கெட்டியாகப் பிடிக்க வேண்டும். சக்கர வளைவுக்கு மேலே புருவம் மாதிரி நீண்டிருக்கும் பகுதி, ஹெட்லைட் வளையத்தைச் சுற்றி, மட்கார்டு முகப்போடு சேரும் தையல் ஆகிய இடங்களில் காந்தம் நழுவினால் பளபளப்புக்குக் கீழே இருப்பது இரும்பு இல்லை, குழியை நிரப்பப் பூசிய பட்டி. கதவின் அடிவிளிம்பில் வெள்ளைப் பொடியோடு பெயின்ட் கொப்பளித்திருந்தால், அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்து அரித்திருக்கிறது. நம் பக்கத்து மழைக்கும் உப்புக் காற்றுக்கும் இந்த அரிப்பு வேகமாகப் பரவும்.

கார்பெட்டைத் தூக்கித் தரையையும், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் தளத்தையும், முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டம் பாடியோடு போல்ட் ஆகும் இடங்களையும், பின் அச்சின் கைகள் மாட்டும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டே குத்துங்கள்.

குடோனில் நின்ற வண்டி என்பதால் இன்னும் மூன்று விஷயங்கள் உண்டு. சில்லின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை உமித்தூசி அடைத்து, ஈரத்தை உள்ளேயே நிறுத்தியிருக்கும். பக்கத்தில் பொட்டாஷ் மூட்டை அடுக்கியிருந்தார்களா என்று கேளுங்கள். அது குளோரைடு உப்பு, சிந்திய இடத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துத் தகட்டைத் தின்னும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. நெல்லுக்குப் பூச்சி விழாமல் குடோனில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு செம்பை அரிக்கும், ஈரக்காற்றில் இன்னும் அதிகமாக அரிக்கும். ஃப்யூஸ் பெட்டி, டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் எல்லாம் கறுத்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். எலி கடித்ததும் சேர்ந்திருக்குமாதலால், வயரிங் முழுவதையும் புதிதாகப் போடுவதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்கள். 190 எஸ்எல் 1955 முதல் 1963 வரை 25,881 வண்டிகள் தயாராயின. சேசிஸ் எண் 121.040 அல்லது 121.042 என்று தொடங்க வேண்டும். அசல் இன்ஜின் எண் 121.921 என்றோ, பிந்திய வண்டிகளில் 121.928 என்றோ தொடங்கும். 121.920 என்று இருந்தால் அது 190 செடான் காரின் இன்ஜின். பிளாக் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒற்றைக் கார்புரேட்டரோடு 75 குதிரைத்திறன். ரோட்ஸ்டருக்குரியது இரட்டை சோலெக்ஸ் கார்புரேட்டர், 1,897 சி.சி., 105 குதிரைத்திறன். டீசல் சிக்கனத்துக்காக வேறு இன்ஜினை மாற்றி ஓட்டிய பழைய பென்ஸ்கள் நம் ஊரில் உண்டு. அப்படி மாற்றியிருந்தால் விலையும் போகும், கீழே சொல்லும் பாரம்பரியப் பதிவும் கிடைக்காது. எண்களைக் குறித்துக்கொண்டு ஜெர்மனியில் ஃபெல்பாக்கில் உள்ள மெர்சிடிஸ் பென்ஸ் கிளாசிக் சென்டரில் டேட்டா கார்டு கேட்டால், ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த இன்ஜின், நிறம், உள்விரிப்பு விவரங்களை ஒப்பிடலாம். உதாரணமாக டிபி 180 என்று நிறக்குறி இருந்தால் அந்த வண்டி வெள்ளிச் சாம்பலில் பிறந்தது.

கடைசியாக, இல்லாத பொருள்களைப் பட்டியலிடுங்கள். கூரையின் மடக்குச் சட்டம், கண்ணாடிச் சட்டம், சோலெக்ஸ் ஜோடி, ஹார்ன் வளையம், பம்பர், மீட்டர்கள். சட்டம் வளைந்திருந்தால் நிமிர்த்தலாம், இல்லவே இல்லையென்றால் அந்த ஒரு சாமானுக்காகவே வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். இன்ஜின் இறுகியதைக் காட்டி விலையைக் குறையுங்கள். ஆனால் இரண்டு சில்லும் போய், துணைச்சட்டம் மாட்டும் இடமும் போய், ஆர்.சி.யும் இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: என் வண்டியில் இரண்டு சில்லும் உளுத்துவிட்டன. தரையையும் சேர்த்து ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்கிறார் டிங்கர். சரிதானே?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: கூடாது. தாங்கும் இரண்டு தகடும் ஒரே நேரத்தில் போனால் பாடி முறுக்கிக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழகாக வெல்டு வைத்தாலும் கதவு மூடாது. அந்த முறுக்கலை நேராக்குவது புது சில் அடிப்பதைவிடப் பல மடங்கு வேலை.

முதலில் அளவு. இரண்டு கதவு வாசலிலும் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, சுவரிலேயே எழுதி வையுங்கள். கதவு இடைவெளி இறங்கியிருந்தால், வெட்டுவதற்கு முன்பே ஜாக்கி கொடுத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு 25 மி.மீ. ஸ்க்வேர் டியூபை ஒவ்வொரு கதவு வாசலிலும் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு மேலும் கீழுமாக இரண்டு வெல்டு செய்யுங்கள். பூட்டுத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே குறுக்காக இன்னொன்று. கதவைக் கழற்றி மாட்டிப் பார்க்க இடம் விட்டு, டியூபைச் சற்று உள்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். வண்டி தன் சக்கரத்தின் மேலேயோ, சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தோ நிற்க வேண்டும். முன்னும் பின்னும் மட்டும் தாங்கி நடுவைத் தொங்கவிட்டால் டியூபும் காப்பாற்றாது.

ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கம். வெளி சில்லை எடுத்து, உள்ளே இருக்கும் வலுவூட்டும் தகட்டைச் சரிசெய்து, கதவை மாட்டி இடைவெளி பார்த்து, அதன் பிறகே புது வெளி சில்லை மூட வேண்டும். ஸ்பாட் வெல்டுகளை உளியால் பிய்க்காமல் 8 மி.மீ. டிரில்லால் மேல் தகட்டை மட்டும் துளைத்துப் பிரித்தால் கீழ்த்தகடு பிழைக்கும். வெளித்தகட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு), சில்லுக்கும் வலுவூட்டும் இடங்களுக்கும் 18 கேஜ் சரியாக இருக்கும். இணைக்கும்போது மேல்தகட்டில் 40 மி.மீ.க்கு ஒரு துளை போட்டு, மிக் வெல்டிங்கில் அந்தத் துளையை நிரப்புவது பழைய ஸ்பாட் வெல்டுக்கு இணையான வலு தரும். தொடர்ந்து இழுக்காமல் ஒரு அங்குலம் வைத்துவிட்டு வேறு இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங் வேண்டாம், அந்தச் சூட்டில் தகடு அலை அலையாகிவிடும்.

ஆலையில் இந்தப் பாடியின் தையல்களை ஈயம் ஊற்றி மறைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கிரைண்டர் போட்டால் ஈயத்தூசி பட்டறை முழுவதும் பறக்கும். சுரண்டி, அரத்தால் எடுக்க வேண்டும். வேலை செய்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. சின்னப் பையன்களை அந்த வேலைக்கு வைக்கவே கூடாது. மணல் பீய்ச்சித் துரு எடுப்பதைச் சட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பானட், கதவு போன்ற அகலத் தகடுகளில் அடித்தால் நெளிந்துவிடும்.

காலமும் முக்கியம். வெறுமையாக்கிய இரும்பை நம் ஊர் ஈரக்காற்றில் ஓர் இரவு விட்டால் காலையில் செம்பழுப்பாக இருக்கும். காலையில் துரு எடுத்த பாகத்துக்கு மாலைக்குள் எப்பாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். அதற்கு முன் கழுவுவதானால் கடலோரப் போர் தண்ணீர் கூடாது, உப்பு தகட்டிலேயே தங்கிப் பெயின்டுக்குள் கொப்பளிக்கும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் வெல்டிங், இன்ஜின் வேலைகளைப் பாருங்கள். பெயின்டை மாசிக்குத் தள்ளிவையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு சில்லுக்குள் துளை வழியாக மெழுகுக் கலவை பீய்ச்ச வேண்டும். துருவின் மேலேயே தார் பூசி மூடுவது, ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான்.

கேள்வி: வண்டி என் மாமா பெயரில் இருக்கிறது, அவர் இப்போது இல்லை. ஆர்.சி. புத்தகமும் தொலைந்துவிட்டது. பதிவை எப்படிச் சரிசெய்வது? புதிதாக வந்த பாரம்பரிய வாகனப் பதிவு நல்லதா?
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: முதலில் காவல்நிலையத்தில் புகார் கொடுத்துச் சான்று வாங்கி, படிவம் 26-இல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பியுங்கள். உரிமையாளர் இறந்த வண்டிக்கான பெயர் மாற்றம் படிவம் 31-இல் நடக்கும். வழக்கமான விற்பனைக்குரிய 29, 30 இதற்குப் பொருந்தாது. இறப்புச் சான்றும், வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். வாரிசு பெயருக்கு மாறிய பிறகே இன்னொருவருக்கு விற்க முடியும். வெளியாளிடம் வாங்குபவர்கள் இந்த வரிசை முடியும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

பாரம்பரியப் பதிவு 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில், படிவம் 20. காப்பீடும், இந்தியாவில் முன்பே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி.யும், இறக்குமதி வண்டிக்குச் சுங்க ஆவணமும் இணைக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வாகனப் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கல்லணைக்குப் போய்வர ஆசை இருந்தால், பழைய பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது மேல். பழைய மெட்ராஸ் மாநில எண் கையில் இருந்தால் அதை இழக்காதீர்கள், வண்டியின் வரலாறே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: பல வருடம் நின்ற 190 எஸ்எல் இன்ஜினை முதல்முறை எப்படி ஸ்டார்ட் செய்வது? கியரில் போட்டு டிராக்டரால் இழுத்தால் விட்டுவிடும் என்கிறார்கள்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: இழுத்தால் விடலாம், கூடவே ரிங்கும் வால்வும் உடையலாம். சிலிண்டர் சுவரில் துரு பிடித்த ரிங்கை டிராக்டர் பலத்தில் பிய்த்தால் சுவர் கீறிவிடும். வால்வு கைடில் ஒட்டிக்கொண்டு திறந்தபடி நின்றால் பிஸ்டன் வந்து இடிக்கும்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் மண்ணெண்ணெயும் சமமாகக் கலந்து, சிலிண்டருக்கு 15 மி.லி. ஊற்றுங்கள். மூன்று நாள் விட்டு இன்னொரு முறை. அதற்குள் வால்வு மூடியைத் திறந்து கேம், ராக்கர், டைமிங் செயின் மீது புது ஆயில் ஊற்றி, துரு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நியூட்ரலில், கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது வலச்சுற்றாக மெதுவாகத் திருப்புங்கள். கைக்கு மீறிய பலம் வேண்டாம். நகரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுவதே குறைந்த செலவு.

இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கி, அடியில் உறைந்த கசடைச் சுத்தம் செய்து, புது ஃபில்டரோடு ஏறக்குறைய 4 லிட்டர் 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் மீட்டர் முள் எழுந்த பிறகு கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தம்) பாருங்கள். நான்கும் நெருங்கி இருப்பதுதான் முக்கியம். ஒன்றுக்கொன்று 1.5 பார் அழுத்தத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் ஹெட் இறங்க வேண்டும். ஹெட் அலுமினியம். அந்தக் காலத்தில் வெறும் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியதில் தண்ணீர் வழிகள் அரித்து, கேஸ்கெட் உட்காரும் விளிம்பே கரைந்திருப்பதுண்டு. இனி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி மட்டுமே.

பழைய டேங்க்கைத் தொடாமல், சிறிய கேனிலிருந்து ரப்பர் குழாய் வழியாகப் புதுப் பெட்ரோல் கொடுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. ஓட ஆரம்பித்து ஐடிலிங் நிற்காமல் ஏறி இறங்கினால், சோலெக்ஸ் 44 பிஎச்எச்-இன் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து அந்த வழியாகக் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்ட் முனையில் கார்புரேட்டர் கிளீனர் பீய்ச்சும்போது சத்தம் மாறினால் அதுதான். பாடியைத் துளைத்து வெண்கல புஷ் போடுவது நல்ல லேத் பட்டறைக்கு எட்டும் வேலை. கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் விளிம்பான ஃப்ளேஞ்ச் வளைந்ததும் இதே கோளாறைக் காட்டும், கண்ணாடித் தட்டில் எமரி ஒட்டித் தேய்த்துச் சமமாக்கலாம். சோலெக்ஸைத் தூக்கிவிட்டு வெபர் கார்புரேட்டர் போடுவது சுலபம், ஓட்டமும் கெடாது. ஆனால் கழற்றிய சோலெக்ஸை ஒருபோதும் விற்காதீர்கள்.

கேள்வி: பிரேக் மிதித்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை. பிரேக் ஆயிலும் குறைகிறது, எங்கும் ஒழுகவில்லை. இன்ஜின் போய்விட்டதா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இல்லை. மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் செர்வோவின் உள் சீல் கிழிந்து, இன்ஜினின் வேக்குவம் பிரேக் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. செர்வோவுக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் உறுதி. வண்டியை உடனே நிறுத்துங்கள். நான்கு சக்கரமும் டிரம், அழுத்தம் போனால் நிற்காது. ஏடிஇ நிறுவன செர்வோவுக்குரிய சீல் தொகுப்பு வரவழைத்து மாற்ற வேண்டும், நம் ஊர் ரப்பரை வெட்டிப் போடக் கூடாது. வீல் சிலிண்டர்களையும் திறந்து பாருங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுப்பதால் உள்சுவர் குழி விழுந்திருக்கும். அந்தக் குழியில் புது ரப்பர் போட்டாலும் ஒழுகும். ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் அடித்தால் பல வருடம் நிற்கும். கடலோரத்தில் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: பம்பருக்குக் குரோம் பூச எங்கள் ஊர்ப் பாத்திரப் பட்டறையில் கொடுக்கலாமா? உடைந்த சின்னச் சின்ன அலங்காரச் சாமான்களுக்கு என்ன வழி?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பாத்திரத்துக்குப் பூசும் மெல்லிய நிக்கல் வீட்டுக்குள் நிற்கும், சாலையில் ஒரு மழைக்காலம் தாங்காது. பழைய பூச்சை முழுவதும் எடுத்து, செம்பு ஏற்றிப் பாலிஷ் செய்து குழிகளை நிரப்பி, அதன்மேல் 25 முதல் 30 மைக்ரான் நிக்கல், கடைசியில் குரோம். இந்த வரிசையில் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த சாமான்களைப் பம்பரோடு சேர்த்து அமிலத் தொட்டியில் போட்டால் கரைந்துவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உடைந்த அலங்காரச் சாமான்களுக்கு உங்கள் பக்கத்திலேயே சுவாமிமலை இருக்கிறதே! மெழுகில் உரு செய்து, மண் பூசி, உலோகம் ஊற்றும் அந்த வார்ப்பில் எழுத்துச் சின்னம், கைப்பிடி மூடி, விளக்கின் அடித்தட்டு போன்றவை நுணுக்கம் குறையாமல் வரும். அசலை ஒட்டி அப்படியே வார்த்தால் ஆறும்போது ஏறக்குறைய 1.5 சதவீதம் சுருங்கும். 100 மி.மீ. நீளச் சாமான் 98.5 ஆகிவிடும், ஸ்க்ரூ துளை பொருந்தாது. மெழுகு உருவை அந்த அளவுக்குப் பெரிதாக்கி, துளைகளை வார்த்த பிறகு போடச் சொல்லுங்கள். பித்தளையானதால் குரோமும் சுலபமாக ஏறும். ஸ்டியரிங், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் இப்படி வார்க்கக் கூடாது.

கேள்வி: இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வண்டிகளுக்கு ஆகுமா?
— வாசகர், திருவாரூர்

பதில்: பழைய ரப்பரோடு ஆகாது. பெட்ரோல் குழாய், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் சீல் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஊறிப்போன குழாய் சூடான இன்ஜின் மேல் கசிந்தால் தீப்பிடிக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். எத்தனால் கலந்தால் கலவை சற்று மெலிந்து இன்ஜின் சூடாகும், மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினால் சரியாகும். ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு சீட் போய்விடும் என்ற பயம் இங்கே வேண்டாம், அலுமினிய ஹெட்டில் சீட் தனி வளையமாகப் பதித்ததுதான். மழைக்காலத்தில் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், அங்கிருந்தே துரு தொடங்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி: இருக்கைக்குள் இருந்த முடி மெத்தை பொடியாகிவிட்டது. ஃபோம் போடலாமா? டயர் பூ முழுதாக இருக்கிறது, அதையே ஓட்டலாமா?
— வாசகர், பேராவூரணி

பதில்: ஃபோம் வேண்டாம், அது ஸ்பிரிங் மேல் உட்கார்ந்து தேய்ந்து பொடியாகும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். அசல் மெத்தை ரப்பர் பாலில் பிணைத்த குதிரை முடி. அதற்கு மிக நெருங்கிய பொருள் ரப்பர் கலந்த தென்னை நார் ஷீட், உங்கள் வட்டாரத்திலேயே விசாரியுங்கள். ஸ்பிரிங்குக்கு மேல் முதலில் சாக்குத் துணி, பிறகு நார் ஷீட், அதன்மேல் பருத்தி அடுக்கு, கடைசியில் தோல். டயரை மாற்றுங்கள். பூ இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய ரப்பர் சூட்டில் பிளக்கும். சக்கரம் 13 அங்குலம், அசல் அளவு 6.40-13. 175 அல்லது 185 அகல ரேடியல் சரியாகப் பொருந்தும்.